எழுபத்திரண்டாயிரம்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, பேக்கரியை ஒட்டிய கடையில்
ஒன்பது வருஷமாக வருமானச் சான்றிதழ் தட்டுகிறேன்.
எல்லோருக்கும் எழுபத்திரண்டாயிரம்.
காப்பி பறிப்பவளுக்கும் அதுதான்,
அந்தத் தோட்டத்தை வளைத்து காட்டேஜ் கட்டியவருக்கும் அதுதான்.
யார் முதலில் சொன்ன கணக்கோ, தெரியாது.
இந்த மலையில் எல்லோரும் ஒன்று
அந்த ஒரு கட்டத்துக்குள் மட்டும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குப் பதிவு மூடும்.

பவளக்கொடி பதினொரு மணிக்கே வந்துவிட்டாள்,
செம்மநத்தத்துக்கும் அந்தப் பக்கமிருந்து.
ஐந்நூற்று இருபத்தொன்று.
மதிப்பெண் தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு
கவரைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.
வெளியே மேகம் சொட்டிக்கொண்டிருந்தது.

இனச் சான்று எட்டு மாத விசாரணைக்குப் பிறகு கிடைத்ததாம்.
'மலையாளி' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு
கீழே சேலத்தில் ஒரு மேஜை கேட்டது:
"கேரளாவா நீங்க?"
இப்போது வேண்டியது முதல் பட்டதாரிச் சான்றிதழ்.
உங்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லை என்று
அரசாங்கம் ஒப்புக்கொள்கிற தாள்.
அதற்கு இணைப்பு கேட்டது:
அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அம்மாவுடையது, அண்ணனுடையது.
"அவங்க யாரும் பள்ளிக்கூடமே போகலையேக்கா."
போகவில்லை என்று காட்ட,
போனால் மட்டும் கிடைக்கிற தாள்.
நான் திரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

சரி, வேறு வழியில் போகலாம் என்றால் ஓடிபி.
வீட்டுக்கு ஒரே போன். அது அப்பாவோடு
வயநாட்டில், நிழல் மரத்துக் கிளை கழிக்கிற இடத்தில்.
(கேரளாவில்தான் இருக்கிறார், அந்த மேஜைக்குச் சொல்லலாம்.)
மூன்று முறை அனுப்பினேன்.
மூன்று முறையும் மரத்துக்கு மேலேயே காலாவதியானது.

இரண்டரைக்கு ரோஷன் வந்தான், அப்பாவோடு.
நானூற்று முப்பத்தெட்டு. மோசமில்லை.
நல்ல பையன், ஸ்டூலை அவளுக்குத் தள்ளிக் கொடுத்தான்.
அஸ்தம்பட்டியில் இரண்டு வருஷம் கோச்சிங்,
சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே அம்மா கால்குலஸ் சொல்லித்தருவாராம்.
அவன் அப்பா யாரையோ போனில் பிடித்து, டா போட்டு,
"கொஞ்சம் பாத்துக்கோ" என்றார்.
ஓடிபி உடனே வந்தது.
எழுபத்திரண்டாயிரம், தட்டினேன்.
வாசலை அடைத்துக்கொண்டு கார் கண்ணடித்தபடி நின்றது.
என் விரல் கூசவில்லை. அறுபது ரூபாய்.

எனக்கும் ஒரு வருஷம் இப்படி ஒரு தாள் வராமல் போனது.
அதனால்தான் வேகமாகத் தட்டத் தெரியும்.

நாலே முக்காலுக்கு அவள் கேட்டாள்:
"ராத்திரி நான் படிச்சா
எங்க வீட்ல யாரும் லைட்டை அணைக்கச் சொன்னதில்லக்கா.
காலையில அஞ்சு மணி வேலைக்குப் போறவங்க,
மூஞ்சிமேல துணி போட்டுக்கிட்டுத் தூங்குவாங்க.
அதை எங்கயாச்சும் எழுத முடியுமா?"

மேலும் கீழும் தேடினேன். நிஜமாகவே தேடினேன்.
கட்டம் இல்லை.

ஐந்து. பக்கம் சாம்பல் நிறமானது.
கவரைத் திரும்பச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சனிக்கிழமை காலை, ஷட்டரைப் பாதி தூக்கும்போது அழைப்பு.
சிக்னல் தேடி ஏதோ மேட்டில் ஏறியிருக்க வேண்டும்,
மூச்சு வாங்கியது.
எழுத்து தெரியாது, எண் தெரியும்.
"நம்பர் வந்துருக்குதுங்கம்மா. சொல்றேன், எழுதிக்குங்க.
நாலு. சைபர். ஏழு.
அப்புறம் ஆறு... இருங்க, ஆறு இல்ல, எட்டு.
ஒண்ணு. இன்னொரு ஒண்ணு."

நடுவில் நான் நிறுத்தவில்லை.
பழைய பில்லின் முதுகில் ஆறையும் எழுதினேன்.
திருப்பிப் படிக்கச் சொன்னார். படித்தேன்.
"சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குதுங்க" என்றேன்.