பதினாறும்

நிலோசன் கேட்டது வேகம்.
நான் கேட்டது, எத்தனை ஆயிரம் சுற்றுவரை என்று.
"எட்டாயிரத்து ஐந்நூறு, அக்கா" என்றான்
பந்திக்கு ஆள்கணக்குச் சொல்வதுபோல.

வட்டக்கச்சி. பட்டறை வாசலில்
நாலு லான்ட்மாஸ்டர் வரிசையில் நிற்கிறது.
காலபோக உழவுக்குப் பத்து நாள்.
உள்ளே, மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது ஹெட்:
பழைய ரொயோட்டா, இரட்டைக் காம்,
பதினாறு வால்வு.
பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று
அவன் கலியாண அட்டையிலும் அச்சடித்திருந்தது.

திறப்பது வித்தையில்லை.
காமின் மூக்கு வந்து அழுத்தும், வால்வு இறங்கும்.
மடை திறக்க ஒரு மடையன் போதும்.
மூடுவதற்குத்தான் ஸ்ப்ரிங்.
பழையது ஏழாயிரத்தில் களைத்துப்போகும்,
மூக்கு கடந்து போன பின்னும்
வால்வு அந்தரத்தில் நிற்கும்,
கீழேயிருந்து பிஸ்டன் வரும்.
வாய்க்கால் கதவு இறக்கப் பிந்தினால்
கீழ்வயலுக்கு என்ன நடக்கும் என்று
இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

புது ஸ்ப்ரிங் ஏழு கிழமை சுங்கத்தில் கிடந்து வந்தது,
ஒன்றுக்குள் ஒன்றாய் இரட்டைச் சுருள்.
பெட்டியில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை.
துளைபோடும் மெஷினுக்குக் கீழே
அரிசி ஆலைத் தராசை வைத்து
ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
பதினைந்தும் எழுபத்தொன்று, எழுபத்திரண்டு கிலோ.
ஒன்பதாவது அறுபத்தெட்டு.
அதற்கடியில் மெல்லிய தகடொன்று,
குழுப்படத்தில் குட்டைப் பிள்ளையைக்
கல்லில் ஏற்றி நிறுத்துவதுபோல.

கொலட் முப்பத்திரண்டு, பல்லின் கணக்கு.
பதினேழாவது துள்ளி
வாசல் மணலுக்குள் போனது.
காந்தத்தோடு முழங்காலில் ஒன்றரை மணி நேரம்.
இந்த மண்ணில் காந்தம் இழுத்தால்
முதலில் வருவது கொலட் அல்ல.
வந்தவற்றை வழக்கம்போலப்
பேணிக்குள் போட்டு மூடினேன்.
பிறகு கொலட்டும் வந்தது.

பிரணவி ரீச்சரிடம் பச்சைக் களி கடன் வாங்கினேன்.
முன்பள்ளிப் பிள்ளைகளின் விரல்ரேகை அதில் அப்படியே.
பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை இறுக்கி,
கையால் இரண்டு சுற்று, மெல்ல,
நித்திரைக்காரனைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோல.
கழற்றினால், ரேகைகளின் மேல் நாலு பிறை.
சவர அலகால் வெட்டி அளந்தேன்.
இன்டேக் பக்கம் ஒன்று தசம் பூச்சியம் ஐந்து.

"காணும் அக்கா. ஞாயிறு ஓட்டம்."
"காணாது."
"ஒரு மில்லிமீற்றர் இருக்குத்தானே?"

சூட்டில் இரும்பு வளரும்,
எட்டாயிரத்து ஐந்நூறில் கொன்ரொட் நீளும்.
இருக்குத்தானே என்பது
வேணியரில் இல்லாத கோடு.

காமை நாலு பாகை பின்னுக்குத் தள்ளினேன்.
மறுபடி களி. மறுபடி இறுக்கு. மறுபடி இரண்டு சுற்று.
ஒன்று தசம் ஆறு.

"ஓடாத காருக்கு இவ்வளவு பூசையோ?"
வாசலில் லான்ட்மாஸ்டர்க்காரர்.
அவருடையதற்கு டப்பெட் வைத்துக் கொடுத்தேன்.
இரண்டே வால்வு,
தேத்தண்ணி ஆற முன் முடிந்தது.

இரவு பத்தரைக்கு ஸ்டார்ட் பண்ணினோம்.
நொண்டி நொண்டி நின்றது, குலுங்கியது.
நிலோசன் முகம் வெளுத்துவிட்டது.
பெரிய காம் அப்படித்தான், என்றேன்,
கீழே அதற்கு வேலையில்லை.
ஆறாயிரத்தில் ஒரே குரலானது.
பக்கத்து வளவு நாய்
குரைப்பதை மறந்து பார்த்துக்கொண்டு நின்றது.

ஞாயிறு, அவன் ஐந்தாவது.
நாலாம் கியருக்குப் போன கை
இரண்டில் விழுந்ததாம்.
ஊசி ஒன்பதாயிரத்து நானூறு.
திங்கள் விடியக் குறைசொல்ல வந்தான்:
காம் சரியில்லையாம், ஸ்ப்ரிங் இறுக்கமாம்,
நாலு பாகை பின்னுக்குப் போனதுதான் காரணமாம்.

நான் ஒன்றும் பேசவில்லை. ஹெட்டைக் கழற்றினேன்.
மூன்றாம் பிஸ்டனின் கரியில்
நகம் பட்டதுபோல ஒரு பிறை,
அவ்வளவுதான்.
களியில் கண்ட அதே இடம்.
வால்வுகளைத் தொட்டு எண்ணினேன்.
பதினாறும்.

"மிச்சக் காசு?"
"அருவி வெட்டு முடியட்டும் அக்கா."