ஏழரைக்கு ஒரு புள்ளி குறைவு

பானெட்டைத் தாங்கிப் பிடிக்க
ஒரு ஹாக்கி மட்டை.
கீழே கைவிளக்கும் பென்சிலுமாய் இர்யா.
வெளியே தண்டர் பே நகரம்
உறைநிலைக்குக் கீழே முப்பத்தொரு பாகையில்
மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது.

எழுபத்தெட்டாம் வருடத்து கேப்ரிஸ்.
பழுப்பு என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது,
கதவடித் துரு வேறு சொல்கிறது.
ஆறு பேர் உட்காரலாம்.
டிக்கியில் இன்னும் இருவர் படுக்கலாம்.
இத்தனை பெரிய வீட்டுக்கு
இத்தனூண்டு அடுப்பா
என்றுதான் வாங்கிய அன்றே நினைத்தாள்.

இருப்பது ஐந்து லிட்டர்.
வரவேண்டியது ஏழு புள்ளி நாலு.
ஏழரை என்றால் நமக்குத்தான் பகீரென்னும்;
இர்யாவுக்கு அது
வெறும் கொள்ளளவு.

ரெய்யோவின் கொட்டகையில்
ஒரு மோட்டார் ஹோமின் வயிற்றில் இருக்கிறது.
சமையல் அடுப்பு வெடித்த வண்டி.
திரைச்சீலை, மெத்தை, சீட்டுக்கட்டு
எல்லாம் கரி.
முன்னால் எஞ்சின் மட்டும்
அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழாதவர்போல
எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருக்கிறது.
தொள்ளாயிரம் டாலர் என்கிறான்.

கராஜ் சுவரெல்லாம் பென்சில் கணக்கு.
கியர்பாக்ஸ்: துளைகள் பொருந்தும்,
தாங்குமா என்பது வேறு கேள்வி.
ரேடியேட்டர்: இதைவிடத் தடித்தது.
புகைக்குழாய்: இரண்டு பக்கமும் புதிது.
பெட்ரோல் என்று எழுதி
எதிரே எண் போடாமல்
ஒரு யானை வரைந்திருக்கிறாள்.

ஏர் ஃபில்டர் மூடிமேல்
விளையாட்டுக் களிமண் நாலு உருண்டை வைத்து
பானெட்டை மெல்ல இறக்கி
மறுபடி தூக்கினாள்.
நசுங்கியதில் தடித்தது மூன்று விரற்கடை,
மெலிந்தது இரண்டு.
வரப்போகிறவன் இருப்பவனைவிட
இரண்டு விரற்கடை உயரம்.
நடுவே ஒரு காகிதம் நுழையலாம்,
அதுவும் மடிக்காமல்.

அகலக் கால் வைக்கிறாய் என்றான்
தானியக் கிடங்கில் கூட வேலை பார்க்கும் வென்டெல்.
அகலம் இல்லை, கனம் என்றாள்.
பதினெட்டு வருடமாய்
கோதுமை லாரிகளுக்கு எடை போடுகிறவளிடம்
கனம் பற்றி என்ன சொல்ல?

இரவுப் பணி. லாரிகள் ஓய்ந்த மூன்று மணி.
முன்சக்கரம் இரண்டையும் மட்டும்
எடைமேடையில் ஏற்றினாள்.
தொள்ளாயிரத்து இருபது.
அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் பேசும்,
பரவாயில்லை.
விதைக் கோதுமை,
இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு,
பானெட்டின்மேல் கயிறு போட்டுக் கட்டி
வென்டெல் தலையில் கை வைத்து நிற்க
முற்றத்தைச் சுற்றக் கிளம்பினாள்.

இன்னும் வாங்காத எஞ்சினின் கனம்
ஸ்டியரிங்கில் வந்து இறங்கியது.
பள்ளத்தில் மூக்கு குத்தி
மேட்டில் மெல்ல நிமிர்ந்தது கார்,
விருந்து முடித்து எழுகிறவர்போல.
எப்போதும் வேலியைத் தொடும் விளக்கொளி
பத்தடி முன்னாலேயே பனியில் விழுந்தது.
ஐந்து லிட்டர்க்காரன்
ஒரு முனகல் இல்லாமல் இழுத்தான்.
அதுதான் சங்கடம்.

நின்று இறங்கியபோது
ஒரு மூட்டையின் தையல் பிரிந்திருந்தது.
அவள் போன வழியெல்லாம்
வெள்ளையில் ஒரு கோதுமைக் கோடு.
கிடங்குப் புறாக்களுக்கு
அன்றைக்குச் சீக்கிரம் விடிந்தது.

காலையில் சுவருக்கு வந்தாள்.
எல்லாவற்றுக்கும் மேலே
முன் ஸ்பிரிங் என்று எழுதி
இரண்டு கோடு போட்டாள்.
பிறகு ரெய்யோவுக்கு போன்.

இவ்வளவு பெரியதை வைத்துக்கொண்டு
எங்கே போவாய் என்று கேட்டான்.
எண்ணூற்றைம்பது என்றாள்.
அந்தப் பக்கம் கெட்டில் கூவத் தொடங்கியது.
யாரும் அதை
இறக்கி வைக்கவில்லை.