கயிற்றில் கட்டிய மருத்துவமனை

உலான்பாத்தரில் அக்டோபர் கடைசி.
இன்னும் ஒரு வாரத்தில் மண் இறுகிவிடும்.
பிறகு வசந்தம்வரை
ஓர் ஆணிகூட இறங்காது.
அதனால் இந்த அவசரம்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால்
காலி மைதானத்தில்
தாளில் இருந்த மருத்துவமனையை
முழு அளவில்
சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்தேன்.
நாலு மணி நேரம். முதுகு ஒடிந்தது.
அழகாக வந்திருக்கிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எங்கே அது?" என்றார் தம்தின்சுரேன்.
பார்வையில்லாத மனிதருக்கு
வெள்ளைக் கோட்டைக்
கைநீட்டிக் காட்டியபடி நின்றிருந்தேன்.

கயிறு வந்தது.
கூடாரம் இழுத்துக் கட்டும்
குதிரைமயிர்க் கயிறு.
சுவர் வரும் இடமெல்லாம்
தரையோடு தரையாக அறைந்தோம்.
பூட்ஸ் நுனியால் தொட்டுத் தொட்டு
மருந்து கொடுக்கும் இடம்வரை போய்த் திரும்பினார்.
"நடைவழி ஏன் வளைகிறது?"
அழகுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
"நேராகப் போடு, தம்பி.
வளைவில் என் திசை கழன்று விழுந்துவிடுகிறது."

ஒயூன்கெரெல் சக்கர நாற்காலியோடு
கழிப்பறைக்குள் போனாள்.
போனது சரி.
திரும்பும்போது இடது சக்கரம்
கயிற்றில் ஏறி நின்றது.
"உன் சுவரை இடித்துவிட்டேன்" என்று சிரித்தாள்.
"கதவு உள்பக்கம் திறக்குமா?
அப்புறம் அதைச் சாத்துவது யார்,
வரிசையில் நிற்கிறவர்களா?"
ஆணியைப் பிடுங்கி
நாற்பது சென்டிமீட்டர் தள்ளி அடித்தேன்.
கான்கிரீட்டில் என்றால் மூன்று மாதம், ஒரு வழக்கு.
இங்கே ஒரு சுத்தியல் அடி.

பதிவு மேசைக்கு எதிரே ஒரு தூண்.
அதற்குக் கயிறு போதவில்லை.
நானே தூணாக நின்றேன்.
கையால் பேசுகிற நர்மண்டாக்
அந்தப் பக்கம் இருந்தவளிடம் ஏதோ கேட்டாள்.
பாதி வாக்கியம் என் முதுகில் மோதி நின்றது.
மறுபடி கேட்டாள். மறுபடியும் நான்.
அருகே வந்தாள்,
இரண்டு தோளையும் பிடித்தாள்,
பீரோவை நகர்த்துவது போல
என்னை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.
பிறகு பேச்சைத் தொடர்ந்தாள்.

கடைசியில் வாசல்.
நிலைப்படியை மிதித்தால்
வீட்டுக்காரரின் கழுத்தை மிதித்தது போல
என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.
"முப்பது வருடமாக மிதிக்கிறேன்," என்றாள் ஒயூன்கெரெல்.
"என் சக்கரத்துக்குத் தாண்டத் தெரியாது.
முதலில் முகம் சுளிக்கிறார்கள்.
உடனே, பாவம் என்று சிரிக்கிறார்கள்.
சுளிப்பே தேவலை."

என் படத்தில் நிலைப்படி இரண்டு சென்டிமீட்டர்தான்.
வாதாடினேன்.
ஜனவரியில் மைனஸ் நாற்பது,
காற்று உள்ளே பாயும்,
குழந்தைகள் வார்டு இருக்கிறது.
விதி எண்ணைக்கூடச் சொன்னேன்.

தம்தின்சுரேன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
"இரண்டு கதவு வை. நடுவில் ஓர் அறை.
காற்று அங்கே காத்திருக்கட்டும்.
நாங்கள் நிறையக் காத்திருந்தாயிற்று."

ஐந்து மணிக்கு இருட்டியது.
கயிற்றைச் சுருட்டினோம்.
சுண்ணாம்புச் சுவர்களைக் கிழித்துக்கொண்டு
சக்கரத் தடம், பூட்ஸ் தடம்.
எது என் கோடு என்று
எனக்கே தெரியவில்லை.

கூலிச் சீட்டில் கையெழுத்து வாங்கவேண்டும்.
அலுவலகம் அச்சடித்திருந்ததை வாசித்தேன்:
'பார்வையாளர்கள், மூவர்.'
"பார்வையாளரா! நானா!"
தம்தின்சுரேன் இருமல் வரும்வரை சிரித்தார்.
"அடி அதை.
வரைந்தவர்கள் என்று எழுது."

பேனா மை உறைந்திருந்தது.
பென்சிலை எடுத்தேன்.

"அழுத்தி எழுது," என்றார்
கையுறையைக் கழற்றியபடி.
"தடவிப் பார்ப்பேன்."