பின்பக்கக் கணக்கு

முதலில் காணாமல் போவது நடு எண்.
எடைமேடையின் சிவப்பு எழுத்தில்
18640 என்று நிற்கிற லாரி
ஆறைத் தொலைத்துவிட்டு
பதினெட்டு, ஒரு ஓட்டை, நாற்பது என்று நிற்கும்.
ஓட்டையின் ஓரத்தில்
வெல்டிங் பொறி மாதிரி ஒரு கோணல் கோடு
நெளிந்து நெளிந்து அகலும்.

"யக்கா, சீட்டு" என்பான் வில்லாயுதம்.
எனக்கு இருபது நிமிஷம் இருக்கிறது.
அதற்குள் அவன் சீட்டை எழுதி,
ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு,
மாத்திரையை விழுங்கி,
வலது பொட்டில் ஆப்பு இறங்குமுன்
மேசைக்கடியில் படுத்துவிட வேண்டும்.

வாலிநோக்கத்தில் வெயில்
மேலிருந்து மட்டும் வருவதில்லை.
பாத்தியிலிருந்து வரும், குவியலிலிருந்து வரும்,
லாரியின் முன்கண்ணாடியிலிருந்து
யாரோ குறிபார்த்து எறிந்தது போல வரும்.
"உப்பளத்துல உக்காந்துக்கிட்டு
வெளிச்சம் ஆகாதுன்னா எப்படித்தா?"
என்றார் மேஸ்திரி சாத்தையா.
நியாயம்தான்.
இரண்டு கண்ணையும் சுருக்கி
ஒப்புக்கொண்டேன்.

சாயல்குடி டாக்டர் ஸ்கேன் கேட்கவில்லை.
"எப்ப வருது, அதுக்கு முந்தி என்ன நடந்துச்சு,
எழுதிட்டு வாங்க."
எழுதுவது எனக்குப் பிழைப்பு.
லோடு நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப்
பின்பக்கத்தில் கோடு கிழித்தேன்.

வைகாசி 12. கச்சான் காற்று.
கரிமூட்டத்துப் புகை ஆபீசுக்குள்.
வைகாசி 19. புகை இல்லை.
தலைக்குக் குளித்து ஈரத்தோடு பின்னியது.
வைகாசி 20. நேற்றையதன் மிச்சம்.
இதைத் தனியாக எண்ணுவதா?
வைகாசி 26. ஈரமில்லை. டீ குடிக்கவில்லை.
ஆனி 2. டீ குடித்தேன். நெத்திலிக் கருவாடு.

கருவாடு தின்று வராத நாட்களும் இருந்தன.
அவற்றை யார் எழுதுகிறார்கள்.
வலிக்காத நாளுக்கு நோட்டில் இடமில்லை
என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.
வலிக்காத நாட்களையும் எழுதினேன்.
கருவாட்டை விடுதலை செய்தேன்.

ஆனி 9.
தரையில் கிடந்தபடி விரல்விட்டு எண்ணினேன்.
ஏழு. ஏழு. ஏழு. ஏழு.
எல்லாமே வெள்ளி.
மாமியார் எலுமிச்சை சுற்றிப் போடச் சொன்னார்.
நான் நோட்டை முன்பக்கம் திருப்பினேன்.
வெள்ளிக்கிழமைச் சீட்டுகளில் மட்டும்
என் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது,
தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு.

வெள்ளிக்கு முந்தியது வியாழன்.
வியாழன் இரவு வழிவிட்டான் பேசுவான்.
மஸ்கட்டில் மீன் குளிர்கிடங்கு,
வேலை முடியப் பதினொன்று,
எனக்குப் பன்னிரண்டரை.
அவன் குப்பூஸைப் பிய்க்கும்வரை
நான் சோற்றில் கை வைக்க மாட்டேன்.
சேர்ந்து சாப்பிடுகிறோமாம்.
படுக்க இரண்டு, எழ ஐந்து.

அந்த வரியை எழுத ஒரு வாரம் ஆனது.
புகை, ஈரத்தலை, கருவாடு,
அதே வரிசையில் அவன் பெயரா?
'வியாழன்' என்று மட்டும் எழுதினேன்.

சொன்னதும் சிரித்தான்.
சிரிப்பு பாதியில் நின்றது.
"அப்ப ஓந் தலைவலியே நாந்தானா?"
"நீயில்ல. பன்னெண்டரை."

இப்போது எட்டு மணிக்குத் தனியாகச் சாப்பிடுகிறேன்.
முதல் வாரம் சோறு இறங்கவில்லை, தூக்கம் வந்தது.
அவன் பேசிப் பதிந்து அனுப்புகிறான்.
காலைப் பேருந்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கேட்கிறேன்:
ஏதோ வண்டி பின்னால் எடுக்கிற பீப் பீப்,
யாரையோ மலையாளத்தில் திட்டுவது,
"சாப்டியா" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு அவன் காத்திருக்கிற
அந்த மூன்று நொடி.
பேருந்துக்குள் "ம்" என்கிறேன்.

ஆடி பிறந்து மூன்று வெள்ளி வரவில்லை.
நாலாவது வந்தது.
தூங்கியிருந்தேன், தின்றிருந்தேன், காற்றுகூட இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டுவிட்டுப் படுத்தேன்.

இன்று செவ்வாய்.
மேடையில் வில்லாயுதம் வண்டியை ஏற்றுகிறான்.
எண்கள் ஆடி ஆடி நிற்கின்றன.
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன்.
ஆறு இருக்கிறது.