ஐம்பத்தொன்று

நேதாஜி ரோட்டில்
ஏசி மெக்கானிக்குக்கும் அல்வாக் கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் என் கடை.
‘இங்கு கார்ட்ரிட்ஜ் நிரப்பித் தரப்படும்.’
போர்டைப் படித்துவிட்டு ஒருமுறை
மஃப்டியில் ஏட்டு ஒருவர் உள்ளே வந்து
எந்தக் கார்ட்ரிட்ஜ் என்று கேட்டார்.
பிரிண்டரைக் காட்டினேன்.
சிரிக்காமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்க வேண்டும்.

நாகமலைக்கு அந்தப் பக்கம் கிளப்பின் ரேஞ்ச்.
பாயில் குப்புறப் படுத்து
மூச்சைப் பாதியில் நிறுத்தி
ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு கருப்பு வட்டம்.
பாயின்ட் டூ டூ.
சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை,
காய்ந்த சுள்ளி ஒடிகிறமாதிரி.
கையெழுத்துப் போட்டு ஐம்பது தோட்டா வாங்கி
கையெழுத்துப் போட்டு ஐம்பது கூடு திருப்பணும்.
நூர்ஜமீலா எண்ணுவாள்,
ஐந்தைந்தாக, விரலால் தள்ளி,
நகைக்கடைத் தராசுக்காரன் முகத்தோடு.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கிகள் பூட்டுக்குள் போகும்.
அந்த மாதம் முழுக்க
பூத் சீட்டு அடிக்கிறவர்களுக்கு மை நிரப்புவேன்.
எல்லாக் கட்சிக்கும் ஒரே கருப்பு.

தோட்டா விலை ஏறிக்கொண்டே இருந்தது.
“ஊர்ல உள்ளதெல்லாம் ரொப்புறீக,
இதையும் ரொப்ப வேண்டியதுதானக்கா”
என்றான் கடைப்பையன் ஒச்சப்பன்.
விளையாட்டுக்குத்தான் சொன்னான்.
எனக்குள் ஊறிவிட்டது.

ஒரு ஞாயிறு
ஜாக்கெட்டின் முழங்கை மடிப்பில் ஒரு கூடு விழுந்தது.
எடுக்கவில்லை.
நூர்ஜமீலா மூன்று தரம் எண்ணினாள்.
சல்லடை எடுத்து மணலைச் சலித்தாள்.
வெயில் ஏறும்வரை மண்டிபோட்டுக் கிடந்தாள்.
நான் தண்ணீர் குடித்தேன்.
நாற்பத்தொன்பது என்று
சிவப்பு மையில் எழுதினாள்.

அந்த வாரம் மெஜந்தா பாட்டிலுக்கும்
ஊசிக்கும் நடுவில் கிடந்தது அது,
சுண்டுவிரலின் ஒரு கணு நீளம்.
லென்ஸ் மாட்டிப் பார்த்தேன்.
பெரிய தோட்டாவுக்கு அடியில் நடுவே பொட்டு இருக்கும்.
சுட்ட பொட்டைக் கழற்றி வேறு பொட்டு வைக்கலாம்.
இதற்குப் பொட்டில்லை.
பற்றிக்கொள்ளும் மருந்தை
விளிம்பின் மடிப்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்,
சேலை முந்தியில் காசு முடிகிறதுபோல்.
அடி விழுந்தது அந்த முடிச்சில்.
நசுங்கின இடம் ஒரு எள்ளுக்கூட இல்லை.
மற்ற விளிம்பெல்லாம் புத்தம் புதிது,
அதுதான் என்னை ரெண்டு நாள் ஏமாற்றியது.

எங்கோ ஊரில் இதைப் பொழுதுபோக்காய்ச் செய்கிறார்களாம்,
சமையல்கட்டு மேசையில்,
ஒன்றுக்கு அரைமணி நேரம்.
விரல் போனவர்களும் உண்டாம்.
எனக்குக் கடை வாடகை பதினோராயிரம்.
பத்து விரலும் வேண்டும்.

அடுத்த ஞாயிறு
கூடுகளோடு கூடாய்ப் போட்டுவிட்டேன்.

ஐம்பத்தொன்று.

ஒவ்வொன்றாய் எடுத்து முகர்ந்தாள் நூர்ஜமீலா.
ஐம்பதில் கரிமருந்து வாடை.
ஒன்றில் என் கடை.
வெளிச்சத்தில் திருப்பினாள்.
பித்தளையில் ரோஸ் நிறமாய் ஒரு ரேகை.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
நகக்கண்ணைப் பார்த்தாள்.
போன வாரப் பக்கத்தைத் திருப்பி
சிவப்பை அடித்து
ஐம்பது என்று நீலத்தில் எழுதினாள்.
பிறகு சல்லடையை
காலால் என் பக்கம் தள்ளினாள்.

மண்டிபோட்டேன்.
மணல் கொதித்தது.
முழங்கால் தோல் வழன்ற பிறகு
சல்லடையில் மூன்று தங்கின,
பச்சை பூத்து, மண் அடைத்து,
எந்த வருஷத்து ரெஜிஸ்டரிலோ
யாருடைய பேரிலோ குறைந்தவை.

நீட்டினேன்.
“எழுதணுமா?”

மலைப் பக்கம் பார்த்தபடியே
பேனாவை மூடினாள்.