கேமரா போகாத பக்கம்

எஸ்டேட் பங்களாவில் சனிக்கிழமை ராத்திரி மட்டும் கேசட் போடுவார்கள்.
அம்மா பாத்திரம் துலக்கி முடிக்கும்வரை
சோபாவுக்குப் பின்னால், தரையில், நான்.
கறுப்பு வெள்ளை அமெரிக்கா.
மேல்மூடி இல்லாத ஒரு கார். இரண்டு பையன்கள்.
காரின் நிறம் என்னவென்று
மேனேஜர் மகனுக்கே தெரியாது.
வாரம் ஒரு ஊர், ஊருக்கு ஒரு வேலை.
படகில் ஒரு வாரம், எண்ணெய்க் கிணற்றில் ஒரு வாரம்,
ஒரு வாரம் யாருடைய தோட்டத்திலோ
கூலிக்குப் பழம் பறித்தார்கள்.
அதற்கு மட்டும் அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்:
"இவனுங்க நம்ம மொளகு பறிச்சா
ஏணியோட விழுவானுங்க."

இங்கிலீஷ் தெரியாது எனக்கு. தேவைப்படவுமில்லை.
யாராவது கதவைச் சாத்துவார்கள், யாராவது திறப்பார்கள்,
ஒருத்தி அழுவாள், ஓர் அடிதடி,
அப்புறம் சாவி திரும்பும் சத்தம்.
கார் கிளம்பும்.
கேமராவும் கூடவே ஏறிக்கொள்ளும்.
அதுதான் எனக்குப் பொறுக்காது.
பெட்ரோல் பங்க் வாசலில்
கையைத் துடைத்தபடி நிற்கிறாளே, அவள் என்ன ஆனாள்?
அடுத்த சனிக்கிழமை வேறு ஊர்.
வேறு ஒருத்தி.

அண்ணன் மஸ்கட் போனதும்
அடிவாரத்துப் பஞ்சர் கடை என்னிடம் வந்தது.
இருபது வளைவும் இறங்கிய வண்டிகள்
பிரேக் கருகும் நாற்றத்தோடு வந்து நிற்கும் இடம்.
குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.
ஊத்தாதீங்க, டிரம் வெடிச்சுடும்,
அரை மணி நேரம் சும்மா இருங்க, என்று கத்துவேன்.
சும்மா இருக்கத் தெரிந்தவர்கள்
சேலம் ரோட்டில் ரொம்பக் குறைவு.

ஓர் ஆனி மாதம்
மேல்மூடியை அறுத்தெறிந்த ஹெரால்டு ஒன்று
புகையோடு இறங்கி
என் கடைத் தூணை உரசி நின்றது.
ஓட்டியவன் ஜெபஸ்டின்.
நாசரேத்தில் அப்பா செத்தபோது
கடன்காரர்கள் எடுத்ததுபோக மிஞ்சிய வண்டி அது.
மற்றவன் அன்சாரி.
எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பான்.
எங்கே போறீங்க என்றேன்.
இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இவர்களைத் தெரியும்.
எத்தனை சனிக்கிழமையாகத் தெரியும்.

வீல் சிலிண்டர் கோயம்புத்தூரிலிருந்து வர ஒன்பது நாள்.
ஜெபஸ்டின் வெள்ளைக்கல் லாரிகளுக்கு
என்னோடு டயர் மாட்டினான்;
சாயங்காலம் இமை முடிவரை மாவு.
அன்சாரி, தட்டுவடை செட் போடும் பாக்கியத்திடம்
பீட்ரூட் துருவினான்.
அவளிடம் வம்பிழுத்தவனைத் தட்டிக் கேட்டு
மூக்கை உடைத்துக்கொண்டான்.
சட்டையில் ரத்தம் எது பீட்ரூட் எது என்று
கடைசிவரை தெரியவில்லை.
ஏழாம் நாள் ஜெபஸ்டின் கேட்டான்,
நீங்க ஏன் எங்கேயும் போகலை?
ஸ்பானரைக் கொடுத்து, இதைப் பிடி என்றேன்.

பத்தாம் நாள், விடிவதற்கு முன்,
சாவி திரும்பும் சத்தம்.
கையைத் துடைத்தபடி நிற்கிறேன் என்பதை
கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

சரி, கேமரா போய்விட்டது, நானே சொல்கிறேன்.
புழுதி அடங்க நாலு நிமிஷம் ஆனது.
ஒரு டேங்கர் வந்தது, பின்சக்கரத்தில் ஆணி.
பாக்கியம் வந்து
அந்தப் பையன் பதினோரு ரூபாய் பாக்கி என்றாள்.
அவன் துருவிக் கொடுத்ததற்கு
நீ எவ்வளவு பாக்கி என்றேன். போய்விட்டாள்.
நான் அழவில்லை. நேரமும் இல்லை.
வால்வில் எச்சில் தொட்டு வைத்து
குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
வந்தது. சின்னதாக ஒன்று.
தை மாதம் கம்ப்ரஸர் வாங்கினேன்.
வளைவைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை;
மேலேயிருந்து எது வந்தாலும்
வாசனையிலேயே தெரிந்துவிடும்.

கேசட்டில் ஓடிய காரின் நிறம் இன்றைக்கும் தெரியாது.
இவர்களுடையது மல்கோவாத் தோல்,
பச்சை என்றால் பச்சை, மஞ்சள் என்றால் மஞ்சள்.
தூணில் ஒரு சாண் நீளம் இருக்கிறது.
போன பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவனிடம்
அந்த ஒரு சாணை விட்டுட்டு அடி என்றேன்.
ஏன்க்கா என்றான்.
அடிடா என்றேன்.