மீனெண்ணெய்க் கணக்கு

ஜனவரி. பதினொரு மணிக்குத்தான் வெளுக்கிறது.
மலைக்கு இந்தப் பக்கம் வெயில் விழுந்து
ஒன்பது வாரம் ஆயிற்று.
சக்கரச் சங்கிலி கலகலக்க
ஃபியோர்டின் விளிம்பில் ஓட்டிப்போகிறேன்.
பின்னிருக்கையில் ஊசிகள், ரத்தக்குப்பிகள்,
நேற்றுக் கன்று இழுத்த வாடை போகாத ரப்பர் பூட்ஸ்.

ஸ்டெய்ன்வோரின் நாய் தண்ணீர் குடிக்கிறதாம்.
"எல்லா நாயும் குடிக்கும்" என்றேன் தொலைபேசியில்.
"இது வாளியை முடிக்கிறது" என்றாள்.

மோரி எழுந்து வரவில்லை.
போன செப்டம்பரில்
எழுபது ஆட்டை ஒரே ஆளாக
மூடுபனியிலிருந்து உருவிக்கொண்டு வந்தவன்
கணப்போரம் தாடையைத் தரையில் கிடத்தி
கண்ணை மட்டும் தூக்கினான்.

என்ன போடுகிறாய்?
மூட்டையைக் காட்டினாள். நல்ல மூட்டைதான்.
பொடி எழுத்தில் ஏ, டி, ஈ, துத்தநாகம், செம்பு,
எடைக்கு இத்தனை கிண்ணமென்று அட்டவணை.
யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஆய்வகத்தில்
இவனுக்கு வேண்டியதையெல்லாம்
மில்லிகிராமில் யோசித்து முடித்துவிட்டார்.
அப்புறம்?
மீன்தலை, வாரத்துக்கு இரண்டு.
அப்புறம்?
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
ஜன்னலில் இருட்டு இருந்தது,
அதன் முன்னால் ஒரு புட்டி.

காட் மீனின் ஈரல் எண்ணெய்.
இந்தத் தீவில் காபிக்கு முன் ஒரு கரண்டி,
தோலுக்குக் கிடைக்காத வெயிலை
மீனிடம் கைமாற்றாக வாங்குகிறோம்.
"அவனுக்கும்தானே வெயில் இல்லை?"

நாய் வெயிலிலிருந்து அதைச் சமைப்பது
இல்லையென்றே சொல்லலாம், ஸ்டெய்ன்வோர்.
ஜூலையில் நாள் முழுக்க மல்லாந்து கிடந்தாலும்
அதற்குத் தட்டில்தான் விடியும்.
மூட்டையிலேயே விடிந்தாகிவிட்டது.
நீ அதன்மேல் இன்னொரு சூரியனை ஊற்றுகிறாய்.
சில சத்து மிஞ்சினால் மூத்திரத்தோடு போய்விடும்.
இது போகாது. கொழுப்பில் குடியேறும்,
ரத்தத்தில் சுண்ணாம்பை ஏற்றும்,
சிறுநீரகம் மாட்டிக்கொள்ளும்.

பாடம் நடத்தும் என் குரல் எனக்கே கேட்டது. நிறுத்தினேன்.
வேண்டிய நாயும் உண்டு.
துறைமுகத்துச் சமையல்காரன் வெறும் கோழியும் சோறுமாக
வளர்த்த குட்டிக்கு
நானேதான் சுண்ணாம்புப் பொடி எழுதிக் கொடுத்தேன்.
அதன் கால்கள் அப்போதே வளையத் தொடங்கியிருந்தன.
இவன் அந்தக் குட்டி இல்லை.

"ஒரு கரண்டிதானே?" என்று கேட்டேன்.
"ம்" என்றாள்.
கணக்கு இடித்தது. ஒரு கரண்டிக்கு இவ்வளவு தாகமா?

வியாழக்கிழமை முடிவு வந்தது,
சுண்ணாம்பு கோட்டுக்கு மேலே.
கூப்பிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவள்
"எனக்கும் ஒரு தாள் வந்திருக்கிறது" என்றாள்,
"சுகாதார நிலையத்திலிருந்து.
எனக்கு டி கோட்டுக்குக் கீழே. ரொம்பக் கீழே."
மாதம் ஒரு புட்டி தீர்க்கிறாயே?
"தீர்கிறது."

கம்பியில் காற்று மட்டும் கொஞ்ச நேரம்.

"எனக்கு அந்த நாற்றம் ஆகாது, ஹ்ரெஃப்னா.
செவிலி புட்டியைத் தூக்கிப் பார்ப்பாள்.
கொட்ட மனசு வரவில்லை.
இவன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்."

சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.
இரண்டு பேருக்கு அளந்த குளிர்காலம்
ஒரே வாய்க்குள் போயிருக்கிறது.

மார்ச்சில் போனேன்.
வாளி அரைவாசி நிறைந்தே இருந்தது.
மோரி என் வண்டிச் சக்கரங்கள் நான்கையும்
முறை வைத்து விசாரித்தான்.
அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு
ஒரு கரண்டி விழுங்கினாள்,
முகம் கசங்கிய துணிபோல் ஆயிற்று.
எதிரே அவன்,
வால் தரையைப் பெருக்க,
நியாயம் கேட்டு உட்கார்ந்திருந்தான்.

"காலிக் கரண்டியை நக்கலாமா?"
கரண்டியில் ஒட்டியிருப்பது எத்தனை துளி,
துளிக்கு எத்தனை யூனிட்,
அவன் எடை பத்தொன்பது கிலோ.
மனசுக்குள் பெருக்கிப் பார்த்து
"கழுவிவிட்டுக் கொடு" என்றேன்.

அவள் கழுவவில்லை.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
புட்டிக்குள் ஊடுருவி வந்து
மேசைமேல் மஞ்சளாகக் கிடந்தது வெயில்,
ஒரு கரண்டி அளவு இருக்கும்.